'கெக்கோ': பல்லியின் குரல் ஆங்கிலச் சொல்லான கதை. பொருள் என்ன, தோற்றம் எங்கே, கெடாவில் அதற்கு என்ன வேலை?

இரவு பத்து மணி. சுங்கைப்பட்டாணி பக்கத்தில் ஒரு பழைய தோட்ட வீடு. வீட்டில் ஏதோ முக்கியமான பேச்சு நடக்கிறது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கலாமா, மகனைச் சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்பலாமா என்கிற மாதிரி. சுவரில் 'சிக் சிக் சிக்' என்று ஒரு சத்தம். உடனே பாட்டி விரலால் தரையைத் தட்டி, "பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு" என்பார். பேச்சு அத்தோடு முடிந்தது.

அதே சுவரில், அதே பல்லி. பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்யும் பேரப்பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தில் அதற்குப் பெயர் 'கெக்கோ'. அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், "அது இங்கிலீஷ் வார்த்தை" என்றுதான் சொல்லும். ஆனால் அந்தச் சொல் இங்கிலாந்தில் பிறந்தது கிடையாது. நம்ம பக்கத்துப் பல்லி கத்திய சத்தம் மலாய் வாய்க்குப் போய், அங்கிருந்து கப்பலேறி, ஐரோப்பிய எழுத்துக்குள் நுழைந்து, பிறகு பாடப்புத்தகம் வழியாக நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

அந்தப் பயணத்தைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கூடவே, அந்தக் குரலை நம்பிச் சிலர் பணத்தைத் தொலைத்த கதையும் உண்டு.

'கெக்கோ' என்றால் எது?

ஆங்கிலத்தில் 'லிசர்ட்' என்பது பொதுப்பெயர். ஓணான், அரணை, உடும்பு, பல்லி எல்லாமே அதற்குள் அடங்கும். 'கெக்கோ' என்பது பல்லி இனத்துக்கு மட்டும் உரிய பெயர். உலகம் முழுவதும் 1,500-க்கும் மேற்பட்ட பல்லி வகைகள் இருக்கின்றன.

மலாயில் இந்தப் பிரிவுகள் இன்னும் தெளிவாக இருக்கும். வீட்டுச் சுவரில் ஓடும் சின்னப் பல்லி 'சிச்சாக்'. உருவத்தில் பெரியதும், குரலில் அதைவிடப் பெரியதுமான பல்லி 'தோக்கே'. அரணை 'மெங்காரோங்', உடும்பு 'பியாவாக்', நிறம் மாறும் ஓணான் 'செசும்பா'. இதில் சிச்சாக், தோக்கே இரண்டும்தான் ஆங்கிலத்தில் 'கெக்கோ'.

தோக்கேயைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஓர் அடிக்கு மேல் வளரும். நீலச் சாம்பல் நிற உடம்பில் செம்மஞ்சள் புள்ளிகள், பெரிய தலை, துருத்திய கண்கள். பார்க்காதவர்கள்கூட குரலைக் கேட்டிருப்பார்கள். முதலில் தொண்டையைச் செருமுவது போல் கடகடவென்று ஓர் ஓசை, பிறகு 'தோக்-கே... தோக்-கே...' என்று நிறுத்தி நிறுத்தி ஐந்தாறு தடவை. கடைசியில் காற்றுப் போன டயர் மாதிரி குரல் இறங்கிவிடும். ராத்திரி நேரத்தில் ரொம்ப தூரத்துக்குக் கேட்கும்.

சொல் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலச் சொல் வரலாற்று அகராதிகள் சொல்வது இதுதான்: 'கெக்கோ' மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது, அந்த மலாய்ச் சொல் பல்லியின் குரலைப் பார்த்துச் செய்தது. இப்போதைய வடிவில் ஆங்கிலத்தில் 1774-ஆம் ஆண்டிலிருந்து பதிவாகியிருக்கிறது. அதற்கு முன் 1711-இல் 'சாக்கோ' என்றும், 1727-இல் 'ஜாக்கோவா' என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரே சத்தத்தை ஒவ்வொருவரும் தன் காதுக்கு எட்டியபடி எழுதிப் பார்த்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

1774 என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். கெடா சுல்தானிடமிருந்து பினாங்குத் தீவை பிரான்சிஸ் லைட் எடுத்துக்கொண்டது 1786-இல். அதாவது ஆங்கிலேயர் இந்தக் கரையில் கொடி நடுவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னாலேயே இந்தப் பல்லி அவர்களுடைய புத்தகத்துக்குள் ஏறிவிட்டது.

எப்படி ஏறியது? முதலில் டச்சுக்காரர்கள் வழியாக. இன்றைய ஜாகர்த்தா அன்று 'பத்தாவியா'. அங்கே டச்சு கம்பெனிக்கு மருத்துவராக இருந்தவர் யாக்கோபஸ் பொந்தியஸ். 1631-இல் அங்கேயே இறந்துபோனார். இந்தப் பகுதியின் நோய்கள், மூலிகைகள், உயிரினங்கள் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்புகளில் இந்தப் பல்லியும் அதன் குரலை ஒத்த பெயரும் இருக்கின்றன. அவர் இறந்த பிறகே அவை ஐரோப்பாவில் அச்சாகின.

அடுத்த கட்டம் அறிவியல். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய சுவீடன் அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1758-இல் தோக்கேக்குப் பெயர் சூட்டியபோது இந்தக் குரலையே பயன்படுத்தினார். 1768-இல் லாரென்டி என்பவர் அதற்குத் தனிப் பேரினம் வகுத்து, அதற்கும் அதே சொல்லைக் கொடுத்தார். அதனால் இன்று தோக்கேயின் அறிவியல் பெயர் 'கெக்கோ கெக்கோ'. தன் பெயரைத் தானே ரெண்டு தடவை கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, இல்லையா?

தஞ்சாவூர் நீதிபதியின் அகராதி

இந்தச் சொல்லுக்கு ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. ஆங்கிலேயர் ஆசியாவில் பொறுக்கிக்கொண்ட சொற்களைத் திரட்டி 1886-இல் வெளிவந்த புகழ்பெற்ற அகராதி 'ஹாப்சன்-ஜாப்சன்'. அதைத் தொகுத்தவர்கள் இருவர்: ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னெல். பர்னெல் சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்தவர். தஞ்சாவூரில் நீதிபதியாக வேலை பார்த்தவர். தஞ்சை அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவரும் அவரே. புத்தகம் வெளிவருவதற்கு முன்பே, 1882-இல் காலமானார்.

அந்த அகராதியில் 'கெக்கோ' இடம்பெற்றிருக்கிறது. பல்லி திரும்பத் திரும்ப எழுப்பும் ஓசையிலிருந்தே இந்தச் சொல் பிறந்தது என்பதில் அவர்களுக்கு ஐயம் இல்லை. ஆனால் ஒரு சிக்கலையும் குறித்திருக்கிறார்கள். மலாய் அகராதி எழுதிய ஜான் கிராஃபர்டின் நூலில் அவர்கள் தேடிய வடிவம் அப்படியே கிடைக்கவில்லை. அதற்கு நெருங்கிய வேறு வடிவங்கள்தான் இருந்தன. அவையும் அதே குரலை எழுத்தில் பிடிக்கும் முயற்சிகளே என்று முடித்துவிடுகிறார்கள்.

இந்தக் கிராஃபர்ட் 1823 முதல் 1826 வரை சிங்கப்பூரின் ரெசிடெண்டாக இருந்த அதே கிராஃபர்ட்தான்.

கடைசியில் ஏன் அந்த 'கியூ'?

பழைய ஆங்கில நூல்களில் இந்த மலாய்ச் சொல்லின் கடைசியில் 'கியூ' என்னும் ஆங்கில எழுத்தைப் போட்டிருப்பார்கள். 'கெக்கோ' என்று வாயைத் திறந்தபடி முடிக்காமல், 'கெக்கோக்' என்று தொண்டையிலேயே ஓசையை வெட்டி நிறுத்த வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. மலாயில் 'சிச்சாக்', 'பாப்பாக்', 'தாத்தோக்' என்று வரும் சொற்களைக் கவனித்துச் சொல்லிப் பாருங்கள். கடைசி 'க்' வெளியே முழுசாக வராது. தொண்டையில் ஒரு சின்ன அடைப்பு, அவ்வளவுதான்.

கெடாக்காரர்களுக்கு இந்த 'கியூ' புதிதல்ல. 'பெசார்' என்பதை 'பெசாக்' மாதிரியும், 'ஆயேர்' என்பதை 'ஆயாக்' மாதிரியும் தொண்டைக்குள் இழுத்துச் சொல்வது வடக்கத்திப் பேச்சு. வாட்ஸ்அப்பில் அதை எழுதும்போது கடைசியில் 'கியூ' போடுவார்கள். இரண்டும் ஒரே ஓசை கிடையாது. ஆனால் தொண்டையில் பிறக்கும் ஓசையை எழுத வேறு எழுத்து கிடைக்காமல் 'கியூ'வைப் பிடித்துக்கொண்டது இரு இடத்திலும் ஒன்றுதான்.

ஆங்கிலேயர் நாக்குக்கு இந்தத் தொண்டை அடைப்பு பழக்கமில்லை. அதனால் அதை விட்டுவிட்டு 'கெக்கோ' என்று நீட்டி முடித்தார்கள். பல்லியின் குரலில் இருந்த வெட்டு அங்கே காணாமல் போனது.

அண்டை மொழிகளில் அதே குரல்

சொல் குரலிலிருந்து வந்தது என்பதற்கு நல்ல சாட்சி அண்டை நாடுகள். தாய்லாந்தில் பெரிய பல்லி 'துக்கே', சின்னப் பல்லி 'சிங்சோக்'. கெடாவில் பாலிங், சிக், பாடாங் தெராப் பக்கம் வாழும் சயாமிய மக்களிடம் கேட்டால் இந்தப் பெயர்களைச் சொல்வார்கள். பர்மாவில் 'தௌக்தே', வியட்நாமில் 'தாக்கே', பிலிப்பைன்ஸில் 'துக்கோ', வங்காளத்தில் 'தொக்கோக்'. இவற்றில் பல ஒன்றுக்கொன்று உறவில்லாத மொழிகள். ஒரே உயிரினத்தின் குரலைக் கேட்டதால் பெயர்கள் ஒத்துப்போகின்றன.

கேட்கும் காது மாறினால் பெயரும் மாறும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வியட்நாம் போருக்கு வந்த அமெரிக்க வீரர்களுக்கு, இருட்டில் கேட்ட இந்தக் குரல் தங்களைப் பார்த்து யாரோ ஆங்கிலக் கெட்ட வார்த்தையில் திட்டுவதுபோல் இருந்ததாம். அந்த வசையையே பல்லிக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள்.

தமிழில் பல்லி 'சொல்கிறது'

தமிழில் கதை வேறு. 'பல்லி' குரலைப் பார்த்து வைத்த பெயராகத் தெரியவில்லை. தெலுங்கில் 'பல்லி'யின் முதல் எழுத்து மென்மையாகி ஒலிக்கும், கன்னடத்தில் 'ஹல்லி'. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது வழக்கமான மாற்றம். 'பால்' அங்கே 'ஹாலு' ஆனது போல. ஆக இது திராவிட மொழிகளின் பழைய பொதுச்சொல்.

ஆனால் வினைச்சொல்லைப் பாருங்கள். நாய் குரைக்கும், காகம் கரையும், மயில் அகவும், யானை பிளிறும். பல்லி மட்டும் 'சொல்லும்'. மற்ற உயிர்களுக்கு ஓசையைக் கொடுத்த தமிழ், சுவரில் ஓடும் பல்லிக்குப் பேச்சையே கொடுத்துவிட்டது.

இது நேற்று வந்த பழக்கம் அல்ல. சங்க இலக்கியத்தின் எட்டுத்தொகையில் ஒன்றான நற்றிணையின் 98-ஆம் பாட்டில் ஒரு காட்டுப்பன்றி வருகிறது. தினைப்புனத்தில் மேயப் போன பன்றி, பக்கத்தில் பல்லி சொல்வதைக் கேட்டதும், சகுனம் சரியில்லை என்று மெல்ல மெல்லப் பின்வாங்கித் தன் குகைக்கே திரும்பிவிடுகிறது. பாடியவர் உக்கிரப்பெருவழுதி. மனிதர் மட்டுமா, பன்றியும் பல்லி சொல்வதைக் கேட்கும் என்று வேடிக்கையாகக் காட்டும் அளவுக்கு அந்த நம்பிக்கை அன்றே வேரூன்றியிருந்தது.

பின்னாளில் இது 'கௌளி சாஸ்திரம்' ஆனது. எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன், எந்தக் கிழமைக்கு என்ன பலன், உடம்பில் எங்கே விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பட்டியலே இருக்கும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் கூரையில் பதித்த தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் பக்தர்கள் வரிசையில் நின்று தொட்டு வணங்குகிறார்கள். அந்த நம்பிக்கையைச் சஞ்சிக் கூலிகளாகவும் கங்காணி வழியாகவும் இங்கே வந்தவர்கள் பெட்டியில் வைத்துக்கொண்டு வரவில்லை, நெஞ்சில் கொண்டுவந்தார்கள். வந்த இடத்திலும் லயத்துச் சுவரில் பல்லி இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இங்கே ஏற்கெனவே இருந்தவர்களும் பல்லி சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். தோக்கே எத்தனை தடவை கத்துகிறது என்று எண்ணிப் பலன் பார்ப்பது தென்கிழக்காசியாவில் பல இடங்களில் உண்டு. ஏழு தடவை கத்தினால் அதிர்ஷ்டம் என்பார்கள்.

பல்லி ஏன் சத்தம் போடுகிறது?

பல்லி நமக்காகச் சொல்வதில்லை. அதற்கு அதன் கவலை. ஊர்வனவற்றில் ஓணான், அரணை, உடும்பு எல்லாம் பெரும்பாலும் ஊமைகள், சீறுவதோடு சரி. குரல் எழுப்பிப் பேசிக்கொள்வதில் பல்லி இனம்தான் தனித்து நிற்கிறது. இரவில் நடமாடும் உயிருக்கு இருட்டில் நிறம் காட்டிப் பயனில்லை. குரல்தான் அடையாளம்.

தோக்கேயில் 'தோக்-கே' என்று உரத்துக் கத்துவது ஆண். "இது என் இடம், வேறு ஆண் உள்ளே வராதே" என்பது ஒரு செய்தி. "பெண் பல்லி எங்கிருந்தாலும் வரலாம்" என்பது இன்னொன்று. வீட்டுப் பல்லியின் 'சிக் சிக்'கும் இதே வேலையைத்தான் செய்கிறது. நாம் கல்யாணப் பேச்சு பேசும்போது அதுவும் கல்யாணப் பேச்சுதான் பேசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி கூடும்; பூச்சியைத் தேடிப் பல்லியும் கூடும். வீட்டில் ஆள் உட்கார்ந்து பேசுவதும் அதே விளக்கின் கீழேதான். நம் பேச்சும் பல்லியின் சத்தமும் அடிக்கடி ஒன்றாக விழுவதற்கு இந்தச் சாதாரணக் காரணம் போதும்.

குரல் மட்டுமில்லை, கால்களும் ஆராய்ச்சிக்கு உரியவை. 2000-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு தோக்கேயின் காலை எடுத்துக்கொண்டது. ஒரு காலில் கிட்டத்தட்ட 5 லட்சம் நுண்ணிய முடிகள். ஒவ்வொரு முடியின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. அந்த நுனிகள் சுவரை நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையில் எழும் மெல்லிய ஈர்ப்புதான் பல்லியைத் தாங்குகிறது. பசையும் இல்லை, உறிஞ்சும் குழியும் இல்லை. இதைப் பார்த்துத்தான் பசை இல்லாமல் ஒட்டும் நாடாக்களைச் செய்ய முயல்கிறார்கள்.

கெடாவின் மற்ற சத்தக்காரர்கள்

குரலே பெயரான உயிர்கள் நம் வட்டாரத்தில் இன்னும் இருக்கின்றன. வாய்க்கால் ஓரத்திலும் வயல் ஓரத்திலும் வெள்ளை மார்போடு ஓடும் கானாங்கோழிக்கு மலாயில் 'ருவாக்-ருவாக்'. மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க அது கத்துவதைக் கேட்டவர்களுக்குப் பெயர்க்காரணம் சொல்ல வேண்டியதில்லை. புள்ளிப்புறா 'தெகுகூர்'. காகம் 'காகாக்', இங்கே மலாயும் தமிழும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

தமிழில் 'சலசல', 'மடமட', 'கிசுகிசு' என்று ஓசைச் சொற்கள் இரட்டையாக வரும். இலக்கணம் இதை 'இரட்டைக்கிளவி' என்கிறது. பிரித்தால் பொருள் தராது. பெரும்பாலும் இவை ஒரு வினைக்கு முன்னால் நின்று அது எப்படி நடந்தது என்று காட்டும். மலாய் அந்த இரட்டை ஓசையையே எடுத்து உயிரினத்துக்குப் பெயராக வைத்துவிடுகிறது. கானாங்கோழி 'ருவாக்-ருவாக்' என்று கத்துகிறது என்பதோடு நிற்காமல், அதுவே 'ருவாக்-ருவாக்' ஆகிவிடுகிறது.

மலாயிலிருந்து ஆங்கிலம் வாங்கிக்கொண்ட சத்தக்கார உயிர்கள் இன்னும் மூன்று. 'காக்காதுவா' என்ற மலாய்ச் சொல் டச்சு வழியாக ஆங்கிலத்தில் 'காக்கட்டூ' ஆனது. 'நூரி' என்ற கிளி 'லோரி' ஆனது. தொண்டைப் பையை ஊதிக்கொண்டு காடே அதிரக் கத்தும் கருங்குரங்கான 'சியாமாங்' எந்த மாற்றமும் இல்லாமல் ஆங்கிலத்தில் உட்கார்ந்துகொண்டது.

ஒரு குரலுக்கு விலை வைத்த கதை

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். 2010, 2011 வாக்கில் தீபகற்ப மலேசியாவில் ஒரு பேச்சு தீயாகப் பரவியது. குறிப்பிட்ட எடைக்கு மேல் தோக்கே கிடைத்தால் ஆயிரக்கணக்கில் இல்லை, லட்சக்கணக்கில் வெள்ளி கிடைக்குமாம். காரணம், அதிலிருந்து எய்ட்ஸுக்கு மருந்து செய்கிறார்களாம்.

தோக்கேயைக் காயவைத்து மருந்தாகப் பயன்படுத்துவது சீன மரபு மருத்துவத்தில் பழையது. இருமல், இளைப்புக்குக் கொடுப்பார்கள். ஆனால் எய்ட்ஸைக் குணமாக்கும் என்பது புதிதாகக் கிளப்பிய கதை. அதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் இல்லை. 2011 ஜூலையில் பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை இதை நம்பி உண்மையான சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று பொதுமக்களை எச்சரித்தது. வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் 'டிராஃபிக்' அமைப்பு, தீபகற்ப மலேசியாவில் இந்த வேட்கை எப்படிப் பரவியது என்பதை ஆராய்ந்து 2013-இல் தனி அறிக்கையே வெளியிட்டது.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் எடையில் இருந்தது. விலை பேசப்பட்ட எடை, காட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் தோக்கேக்கு இருக்காது. கொஞ்சம் குறைந்தால் விலை இல்லை. பிடித்தவர் அதை வளர்த்து எடை கூட்டலாம் என்று கூண்டு வாங்குவார், தீனி வாங்குவார். இன்னொருவர் சின்னதை வாங்கிப் பெரிதாக்கி விற்கலாம் என்று கையிலிருக்கும் காசைப் போடுவார். 'வாங்குபவர் வருகிறார்' என்று சொல்லிக்கொண்டே இடையில் உள்ளவர் முன்பணம் கேட்பார். பெரிய தொகை கொடுத்து வாங்கும் அந்தக் கடைசி ஆள் மட்டும் வரவே மாட்டார்.

நினைத்துப் பாருங்கள். நாள் கூலிக்குப் பால்வெட்டிய, குலை வெட்டிய குடும்பத்துக்கு ஒரே பல்லியில் வீடு வாங்கலாம் என்றால் ஆசை வராதா? டார்ச்லைட்டை எடுத்துக்கொண்டு இரவெல்லாம் மரம் மரமாகத் தேடத் தோன்றும்தான். அந்த ஆசையை வைத்துத்தான் இந்த மோசடி நடந்தது. இதில் நோயாளிகள்தான் அதிகம் ஏமாற்றப்பட்டவர்கள். எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. அவை மலேசிய அரசு மருத்துவமனைகளில் கிடைக்கின்றன. பல்லிப் பொடியை நம்பி அதைத் தவறவிட்டால் உயிர் போகும்.

பல்லிக்கும் நஷ்டம் குறைவில்லை. ஆண் பல்லி எங்கே இருக்கிறது என்பதை அதன் குரலே காட்டிக்கொடுத்துவிடும். துணையைக் கூப்பிட்ட குரலைக் கேட்டுக் கூண்டு வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் தோக்கே இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. இரண்டாம் பட்டியல் என்றால் அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. உயிரோடு இருந்தாலும் சரி, காயவைத்தது என்றாலும் சரி. மலேசியாவில் இந்த ஒப்பந்தத்தை அமல்படுத்துவது 2008-ஆம் ஆண்டின் 686-ஆம் சட்டம். உள்நாட்டில் வனவிலங்குகளைப் பாதுகாப்பது 2010-ஆம் ஆண்டின் 716-ஆம் சட்டம். தீபகற்பத்தில் இரண்டையும் கவனிப்பது பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை.

கெடாவில் இருப்பவர்களுக்கு இது கூடுதல் கவனம் தேவைப்படும் விஷயம். தாய்லாந்து எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. "சும்மா ஒரு பெட்டிதான், அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா" என்று யாராவது கேட்டால், பெட்டிக்குள் என்ன என்று கேளுங்கள். பல்லிக்குப் பெரிய விலை தருகிறேன் என்று கைப்பேசியில் செய்தி வந்தால் முன்பணம் கட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் பல்லி இருந்தால் என்ன செய்வது?

நம் வீட்டுப் பல்லிக்கும் தோக்கேக்கும் விஷம் கிடையாது. தோக்கே கடித்தால் வலிக்கும். தாடை பலமானது, பிடித்தால் சீக்கிரம் விடாது. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆழமாக இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள்.

"சாப்பாட்டில் பல்லி விழுந்தால் விஷம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். விஷம் என்பது சரியில்லை. அந்தச் சாப்பாட்டைக் கொட்டிவிடச் சொல்வது ரொம்பச் சரி. பல்லியின் தோலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அது வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். உணவை மூடி வையுங்கள். எச்சம் துடைத்த பிறகு கையைக் கழுவுங்கள். குழந்தைகள் பல்லியைப் பிடித்து விளையாடினால் அவர்கள் கையையும் கழுவிவிடுங்கள்.

அதற்கு மேல் பயப்பட ஒன்றுமில்லை. கொசு, கரப்பான், கரையான் பூச்சி எல்லாம் அதற்குத் தீனி. வாடகை இல்லாமல் இருந்துகொண்டு வேலை செய்கிறது என்று விட்டுவிடலாம்.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் முதல் எழுத்து 'ஜி'. ஆனாலும் 'ஜெக்கோ' என்று சொல்லக் கூடாது. 'கெடா' என்பதில் வரும் 'கெ'யைவிடக் கொஞ்சம் மென்மையாக, 'கங்கை'யின் இரண்டாம் ககரம் போல் ஒலிக்க வேண்டும். பன்மையில் 'எஸ்' மட்டும் சேர்க்கலாம், 'இ-எஸ்'ஸும் சேர்க்கலாம். அகராதி இரண்டையும் ஏற்கிறது. கட்டுரையில் வீட்டுப் பல்லியைப் பற்றி எழுதும்போது 'லிசர்ட்' என்பதைவிட 'கெக்கோ' பொருத்தம்.

ஆசிரியர் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பக்கத்து மேசை மலாய் நண்பரைக் காட்டலாம். அவருடைய மொழிதான் கொடுத்தது. அவர் கேட்டால் சுவரைக் காட்டலாம்.

தோட்டங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பலகை வீடு போய்ச் செங்கல் வீடு வந்தது. பீடோங்கிலும் பாடாங் செராயிலும் கூலிமிலும் புது வீட்டுக்குக் குடிபோனவர்களோடு பல்லியும் குடிவந்திருக்கிறது. இன்று ராத்திரி சுவரில் அது சத்தம் போட்டால் ஒரு நிமிடம் காது கொடுங்கள். பலன் பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் விருப்பம். நாலு நூறு வருடமாகப் பல தேசத்துக்காரர்கள் எழுத்தில் பிடிக்கப் பார்த்த சத்தம் அது.